பதினோரு விநாடி

“இந்த இடத்துல நீங்க சீட்லயே இல்ல. எழுந்து போயிட்டீங்க. அதானே?” என்று கேட்டார் இராமலிங்கம்.

கணினித் திரையில் ஒலிப்பதிவின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. சந்திரகலா தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றவில்லை. “இங்கதான் சார் இருந்தேன்” என்றாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் அந்த ஆம்புலன்ஸ் சங்கத்துக்கு மொத்தம் மூன்று வண்டிகள். தொண்ணூற்றேழு தொடக்கத்தில்தான் பழைய வயர்லெஸ் பெட்டியை எடுத்துவிட்டுக் கணினியை வைத்தார்கள். எந்த வண்டி பேசுகிறது, எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் அது பதிந்து வைத்துக்கொள்ளும். இராமலிங்கம் மேலாளராக வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு சாவு.

அவர் மௌஸை நகர்த்தி முதலிலிருந்து பார்த்தார்.

பதினொன்று எட்டுக்கு அம்பாங்கிலிருந்து அழைப்பு. பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் விழுந்த ஆறு வயதுப் பெண் குழந்தை, மூச்சு இல்லை. ஜாலான் ஈப்போ சாலையில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டு நின்ற இரண்டாம் எண் வண்டியைச் சந்திரகலா உடனே அனுப்பியிருந்தாள். மற்ற இரண்டும் வெகு தொலைவில், டெங்கிலிலும் கிள்ளானிலும் இருந்தன.

பதினொன்று பத்துக்குச் செந்தூல் அடுக்குமாடியிலிருந்து இன்னோர் அழைப்பு. ஐம்பது வயது ஆண், நெஞ்சுவலி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. போனை எடுத்த ஏழாவது விநாடியில் புளோக், மாடி, கதவு எண் எல்லாம் திரையில் ஏறியிருந்தன.

“டைப் பண்றதுல உங்களைக் குறை சொல்ல முடியாது. அதுக்கப்புறம்தான் எனக்குப் புரியல” என்றபடி இராமலிங்கம் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

சைரன் சத்தத்துக்கு நடுவே ஓட்டுநர் விஜயனின் குரல் வந்தது. “கண்ட்ரோல், மூணாம் நம்பர் வண்டிக்கு நீங்க சொன்ன செந்தூல் கேஸ் கேட்டுச்சு. நான் இப்ப செந்தூல் பாசார் பக்கத்துலதான்க்கா இருக்கேன். ரெண்டு நிமிஷத்துல போயிடலாம். திரும்பட்டா? ஓவர்.”

பிறகு ஒன்றுமில்லை. திரையில் கோடு மட்டமாக ஓடியது. பதினோரு விநாடி கழித்துத்தான் சந்திரகலாவின் குரல் கேட்டது. “வேணாம் விஜயன். அம்பாங் போங்க. எங்கயும் நிக்காதீங்க. ஓவர்.”

இராமலிங்கம் பதிவை நிறுத்தினார். “அந்தப் பதினோரு விநாடி என்ன பண்ணீங்க?”

“யோசிச்சேன் சார்.”

“என்ன யோசிக்க இருக்கு?”

“பிள்ளைக்கு மூச்சு இல்ல. அவரு பேசிக்கிட்டு இருந்தாரு. மூச்சு இல்லாதவங்களுக்குத்தான் முதல்ல போகணும்னு கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க.”

“அந்த அம்பாங் வீட்டுக்காரங்க உங்களுக்குச் சொந்தமா? தெரிஞ்சவங்களா?”

“சீனக் குடும்பம் சார். பேர்கூட எனக்குத் தெரியாது.”

கிள்ளானிலிருந்த மூன்றாம் எண் வண்டியை அவள் செந்தூலுக்குத் திருப்பியிருந்தாள். அது வரும்வரை காத்திருக்காமல் ஆளைக் கீழே கொண்டுவந்து டாக்சியில் ஏற்றச் சொன்னதும் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். இரண்டாவது மாடிப் படியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

திரையில் இரண்டாம் எண் மின்னியது. சந்திரகலா மௌஸைத் தன் பக்கம் இழுத்து, மைக்கைச் சரிசெய்துகொண்டாள்.

“கண்ட்ரோல், பிள்ளை கண்ணு முழிச்சிருச்சு. அம்மாவைக் கேட்டு அழுதுச்சாம். இனிமே பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓவர்.”

“நல்லது விஜயன்” என்றாள். “சாப்பிட்டுட்டு வாங்க. ஓவர்.” பேசி முடித்த பிறகும் அவள் விரல் மௌஸை விட்டு எழவில்லை.

இராமலிங்கத்தின் குரல் சற்று இறங்கியது. “பிள்ளை பிழைச்சது நல்லதுதான் லா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா செந்தூல்காரங்க சும்மா விடுவாங்களா? வண்டி வீட்டுப் பக்கமாவே போயிருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கே பேப்பர்ல வந்துரும். கமிட்டி என்னைத்தான் கேக்கும்.”

கீழே துன் சம்பந்தன் சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கோமதி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அவளுக்கு இரண்டு மணி ஷிஃப்ட். சுவர்க் கடிகாரத்தில் அப்போது பன்னிரண்டே முக்கால்தான். சந்திரகலா ஹெட்செட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். “ஒண்ணு டெங்கில்லருந்து திரும்பி வருது. ரெண்டு ஆஸ்பத்திரியில. மூணு செந்தூல்ல நிக்குது” என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். கோமதி அவளை நிமிர்ந்து பார்க்காமலே உட்கார்ந்தாள்.

இராமலிங்கத்துக்குக் கோபம் வந்தது. “ரெண்டு மணி ஷிஃப்டுக்கு இவங்களை யாரு இப்பவே வரச் சொன்னது?”

“நான்தான் சார் போன் பண்ணினேன்.”

“ஒரு உயிர் போயிருக்கு. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. ரிப்போர்ட் எழுதல. அப்படி எங்க அவசரமா கிளம்புறீங்க?”

சந்திரகலா மேசைக்கு அடியிலிருந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“செந்தூலுக்கு சார். செத்துப்போனது என் வீட்டுக்காரரு.”