வடிவுக்கு வைத்த இடம்

"அந்த ஆளுக்கு நம்ம கல்லறைத் தோட்டத்துல எடம் கெடையாது பாஸ்டர்" என்றார் சபைச் செயலாளர் முனிரத்தினம்.

லோகேஸ்வரன் செவிலிமேட்டுச் சபைக்குப் போதகராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியே ஆம்புலன்சில் சத்யராஜின் உடல் காத்திருந்தது. கருடசேவைக் கூட்டத்துக்காகப் பாதையை அடைத்திருந்ததால், ஊரைச் சுற்றிக்கொண்டு வந்த வண்டி. அதன் பக்கத்தில் சத்யராஜின் மகள் திரிஷா தனியாக நின்றிருந்தாள்.

"முந்தாநாள் ஆஸ்பத்திரியில நான்தானே ஞானஸ்நானம் குடுத்தேன்? பேச்சே வரல அவருக்கு. கண்ணுல தண்ணி மட்டும் ஊத்துச்சு. இப்ப அவரும் நம்ம சபைக்காரர்தானே?"

"சாவுற நேரத்துல தலையில தண்ணி ஊத்திட்டா எல்லாம் ஆச்சா? ஊரே பயந்துக்கினு இருந்த ரவுடி பாஸ்டர் அவன். அவன் செஞ்சதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அவன்..."

வடிவு உள்ளே வந்தாள். முனிரத்தினம் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பட்டுக்கடையில் சேலை மடித்து அடுக்குகிற வேலை அவளுக்கு. இந்த வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். போதகரைத் தேடி வந்து அழைத்துப் போனவளும் அவள்தான். சத்யராஜின் கூடப்பிறந்த தங்கையாக இருக்கும் என்று போதகர் நினைத்திருந்தார்.

"இன்னாத்துக்குப்பா இழுத்துக்கினே இருக்கீங்க? அந்தப் பொண்ணு வெயில்ல நிக்குது."

"எடம் எங்கக்கா இருக்குது? மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். மாமா பக்கத்துல, உனக்குன்னு வச்சது."

"அதுல தோண்டச் சொல்லு."

முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தெரிஞ்சுதான் பேசுறியாக்கா? நாளைக்கு உன்னை எங்க கொண்டு போய் வைக்கிறது?"

"எங்கனா வைங்க. ஆண்டவருக்கு என்னைத் தேடிக்கத் தெரியும்."

"அவனுக்கு இன்னா தகுதி இருக்குதுன்னு இதைச் செய்யிற?"

"ஒண்ணும் இல்லப்பா. தகுதி இருந்தா அவனே உரிமையோட வாங்கிக்குவான். நான் எதுக்குக் குடுக்கணும்?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரிஷாவை நிழலுக்குக் கூட்டிவரப் போனாள்.

வெயில் தாழ்வதற்குள் அடக்கம் முடிந்தது. மண் போடும் முறை வந்தபோது வடிவு ஒரு பிடி அள்ளினாள். உடனே போடவில்லை. கொஞ்ச நேரம் விரல்களை இறுக மூடிக்கொண்டு குழியையே பார்த்தாள். பிறகு போட்டுவிட்டு, "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம். காலையிலேர்ந்து பட்டினியா இருக்கிற" என்று திரிஷாவின் கையைப் பிடித்து நடந்தாள்.

இருவரும் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த போதகர், "வீட்டுக்காரர் பக்கத்துல தனக்குன்னு வச்சிருந்ததையே குடுத்துட்டாங்களே! அண்ணன் மேல எவ்ளோ பாசம்!" என்றார்.

"அண்ணனா? எந்த உறவும் கெடையாது பாஸ்டர்" என்றார் முனிரத்தினம். "அந்தக்கா வீட்டுக்காரரை நடுரோட்டுல வெட்டிக் கொன்னதே இவன்தான்."