விசாரிக்க வந்தவர்கள்

அவன் அந்தத் தாளை நான்காவது முறையாகப் படித்தான். எத்தனை முறை படித்தாலும் எழுத்து மாறுவதாக இல்லை.

உள்ளே ஆஸ்பத்திரி அறையில் மகனுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

மகனுக்கு ஹீமோஃபிலியா என்று தெரிந்து ஏழு வருடம். அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அடிபடாமலே முழங்கால் வீங்கும். பெரும்பாலும் தாய் வழியாக வருவது என்று அன்றைய டாக்டர் சொன்னார்.

'பெரும்பாலும்' என்பதை அவன் காதில் வாங்கவில்லை. வாங்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

பையனின் கால் வீங்கும்போதெல்லாம் மனைவியிடம், உங்க வீட்டுச் சீதனம் என்பான். இந்திராணி காலுக்கு ஐஸ் வைப்பாள்.

இன்றைக்கு வந்த டாக்டரம்மா, இந்திராணியின் ரத்தப் பரிசோதனை முடிவான அந்தத் தாளைக் கொடுத்து நிதானமாக விளக்கினாள். இந்திராணியின் மரபணுவில் அந்தக் குறை இல்லை. குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் ஒரு பிள்ளையிடம் புதிதாகவே தோன்றுவதும் உண்டு. யார் மேலும் தப்பில்லை என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்திராணியின் தங்கை குமுதவல்லிக்கு முப்பத்து நான்கு வயது. மூன்று இடங்கள் கிட்டே வந்து தட்டிப்போயின. நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மாமனார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியர் ஜோசியராக அலைந்தார்.

பெண் எடுப்பதற்கு முன் அந்த வீட்டு மூத்த மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். மூன்று வீட்டாரும் அவனுடைய பெயிண்ட் கடைக்கு வந்து கேட்டார்கள். மூன்று முறையும் டீ வரவழைத்துக் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அந்த வீட்டு ரத்தஞ் சரியில்லைங்க."

அவர்களுக்கு நல்லது செய்வதாகத்தான் தன்னிடம் சொல்லிக்கொண்டான். அது பொய். தனக்கு இப்படி ஆனபின் அந்த வீட்டில் இன்னொருத்தி நன்றாக வாழ்வதை அவனால் பொறுக்க முடியவில்லை.

இது யாருக்கும் தெரியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் இத்தனை வருடம் மாமனார் வீட்டு விருந்துகளில் கை நனைத்தான்.

இந்திராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளை அவனிடமிருந்து வாங்கி, மடித்து, அவன் சட்டைப்பையிலேயே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"குமுதாவுக்கு ஈரோட்டுலிருந்து ஒரு இடம் வந்திருக்குதுங்க. விசாரிக்க உங்க கடைக்குத்தான் வருவாங்க" என்றாள்.

பிறகு, மகன் இருந்த அறைப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"இந்தவாட்டி அந்தத் தாள்ல இருக்கறதையுஞ் சொல்லிருங்க."