குட்டி போடும் பெட்டி

தெய்வநாயகம் வீட்டு இரும்புப் பெட்டி வருடந்தோறும் குட்டி போட்டது. குட்டிகள் வளர்ந்து அவையும் குட்டி போட்டன. கூடம் நிறைந்து, அடுப்படியும் நிறைந்து, அவரும் மனைவி உலகம்மாளும் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஒன்றையாவது யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் மனசு வரவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் மங்கை, பாய் விரிக்க இடமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

அன்றைக்குத்தான் வரிக்காரர் வண்டியோடு வந்தார்.

"உழைச்சு சம்பாதிக்கிறவன்கிட்ட போய்க் கேளுங்க! இதெல்லாம் தானா பொறந்தது" என்று தெய்வநாயகம் கத்தினார்.

"அவங்ககிட்டதான் இத்தனை வருசமா கேட்டோம். இப்ப தானா பொறந்ததுக்கும் சட்டம் வந்திருக்கு" என்றார் வரிக்காரர்.

பாதிப் பெட்டிகள் வண்டியேறின. ஒவ்வொன்று போகும்போதும் தெய்வநாயகம் மார்பில் அடித்துக்கொண்டார். வண்டி நிறைந்தபோது கூடத்தின் தரை தெரிந்தது. அது சிவப்புத் தரை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. உலகம்மாள் பாயை விரித்தாள். மங்கை படுத்துக் காலை நீட்டி, "அப்பாடா" என்றாள். ஜன்னலைத் திறக்க முடிந்தது. காற்று வந்தது. தெய்வநாயகமும் வெறுந்தரையில் மெல்லச் சாய்ந்து, கண்ணை மூடினார்.

மிச்சப் பெட்டிகளோடு மூலையில் இருந்த தாய்ப்பெட்டி பிரசவ வலியில் முனகத் தொடங்கியது.

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

"ஐயா, வண்டிய நிறுத்துங்க! இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் ஏத்திக்கிட்டுப் போங்க!"