குவேதியைத் தேடியவள்

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற லொரெய்ன், தன் குடும்பத்தின் மூதாய் என்று நம்பிய குவேதி என்ற செரோக்கிப் பழங்குடிப் பெண்ணை ஒன்பது வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தாள். செரோக்கி மக்களை அமெரிக்க ராணுவம் அவர்களுடைய மண்ணிலிருந்து விரட்டி மேற்கே நடத்திச் சென்ற 1838ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குவேதியும் தன் மகளோடு நடந்தாள். “அந்த மகள் வாலேலா வழியில வந்தவங்கதான் நாம” என்று லொரெய்னின் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆவணக் காப்பகத்தில், உடன் நடந்த ஒரு பாதிரியாரின் நாட்குறிப்பு கிடைத்தது. ‘குவேதியின் ஒரே மகள் வாலேலா, நான்கு வயது, கக்குவான் இருமலில் இறந்தாள். பனியை விலக்கிப் புதைத்தோம். தாய் அந்த இடத்தைவிட்டு எழ மறுக்கிறாள்.’ மூன்று நாள் கழித்து, தாயும் இறந்துவிட்டதாக ஒரே ஒரு வரி.

லொரெய்ன் அதை இரண்டு முறை படித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

காப்பக அலுவலர் ஹாரியட் மெதுவாகச் சொன்னாள்: “உங்க வாலேலா வேற யாரோ. பேர் மட்டும்தான் ஒண்ணு. குவேதி உங்களுக்கு உறவில்லைங்க. தேடலை முடிச்சுக்கலாமா?”

“இவளைத் தேடி இதுக்கு முன்னாடி யாராவது வந்தாங்களா?”

ஹாரியட் பழைய பதிவேடுகளைப் புரட்டினாள். “இல்லைங்க. நீங்க மட்டும்தான்.”

லொரெய்ன் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டாள். விண்ணப்பத்தில் ‘இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு’ என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு ‘மகள்’ என்று எழுதினாள்.

ஹாரியட் அதைப் படித்தாள். அதன்மேல் முத்திரை குத்தினாள்.