ஏப்ரல் வரை வந்த பறவைகள்

அவள் நாளைய தேதியையும் எழுதி முடித்திருந்தாள்.

மைனா இரண்டு. தவிட்டுக்குருவி ஐந்து. பார்த்தவர்: வெண்மதி, ஐந்தாம் வகுப்பு.

பக்கத்தைத் திருப்பினேன். நாளை மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. ஜனவரி பாதியில் நின்றுகொண்டு, ஏப்ரல் கடைசி வரைக்கும் பறவைகளை வரவழைத்துவிட்டிருந்தாள்.

சனி, ஞாயிறு மட்டும் காலி. குடியரசு தினத்தில், 'கொடி ஏற்றினோம், பறவை பார்க்கவில்லை.'

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் தீனித்தட்டைக் கட்டியதும் நான்தான், வருகிற பறவைகளை எழுத இந்த நோட்டைக் கொடுத்ததும் நான்தான். ஜூனிலிருந்து ஒருநாள் தவறாமல் எழுதியவள். தட்டில் போடும் கம்புகூட அவள் வீட்டுக் கம்பு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நோட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினேன்.

"பாக்காததப் பாத்தேன்னு எழுதறது பொய். இங்க இருந்து பாத்தாத்தான் உன் பேரு. புரியுதா?"

தலையாட்டினாள்.

சிவப்புப் பேனாவை எடுத்துப் பக்கம் பக்கமாக அடித்தேன். ஒவ்வொரு கோடும் அவள் பெயரின் மேல்தான் போய் முடிந்தது. மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது நிறுத்தியிருப்பேன்.

ஏப்ரல் பக்கங்களையும் அடித்து முடித்ததும் நோட்டை அவளிடமே நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை.

பக்கத்து வீட்டு மோனிஷாதான் சொன்னாள். பொங்கல் முடிந்துவிட்டதல்லவா, குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்களாம். விடியும்போதே லாரி வந்ததாம். இனி ஜூனில்தான் வருவார்களாம்.

நான் பாவி. போகப்போவது அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்து அவள் அப்பா நம்பருக்கு அடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். அம்மா எடுத்து, டீச்சர் பேசுகிறார் என்று அவளிடம் கொடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவளே கேட்டாள்.

"இன்னிக்கு எத்தன வந்துச்சு டீச்சர்?"

அவள் போனதிலிருந்து தட்டில் யாரும் கம்பு போடவில்லை. நானும் போடவில்லை. அந்த மரத்துப் பக்கம் போகவே எனக்கு மனசு வரவில்லை.

"மூணு மைனா," என்றேன்.

"மூணு... மைனா..." என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள். எழுதுகிறாள் என்று தெரிந்தது.

"பாத்தவங்கன்னு உங்க பேரப் போட்டுக்கறேன் டீச்சர். நான்தான் அங்க இல்லல்ல."