மிஸ் ஓடலியின் குடை

ஊர்வலத்துக்கு முன்னால் ஆடிப் போகும் குடை நேராகப் போனால் நாங்களும் நேராகப் போக வேண்டும். திரும்பினால் திரும்ப வேண்டும். எங்கள் ஊர் ஊர்வலத்தில் வாத்தியக்காரனுக்கு வேறு சட்டம் கிடையாது.

அன்று குடை மிஸ் ஓடலியின் கையில் இருந்தது.

அவர் பாட வந்து ஐம்பது வருடம் ஆனதற்காக ஊரே தெருவில் இறங்கி, வெள்ளைக் கைக்குட்டைகளை ஆட்டிக்கொண்டு, எங்கள் பின்னால் ஆடி வந்தது. சும்மாவா? பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, ஜாமீன் கட்டக் காசில்லாமல் சிறையில் கிடக்கும் பிள்ளைகளுக்காக மேடைக்கு மேடை சண்டை போட்ட மனுஷி. அதற்காகவே தானும் உள்ளே போய் வந்தவர்.

அதனால்தான் போலீஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. ஊர்வலத்தில் அவர் பேசக் கூடாது.

"சத்தியமா வாயே திறக்க மாட்டேன் ராசா" என்று கிளம்பும் முன் அதிகாரியின் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே இல்லை. இதோ, அடுத்த முனையில் இடப்பக்கம் திரும்பினால் சிறைச்சாலை. கடவுளே, குடை நேராகப் போகட்டும். உதடு காய்ந்து என் டிராம்போன் குழலில் சுருதி பிசகியது.

"என்னய்யா அல்போன்ஸ், ஊதுறியா இருமுறியா?" டிரம் அடித்துக்கொண்டிருந்த டெல்மர் கத்தினான். "பையன் நெனப்போ? ஹூஸ்டன்ல வேலை எப்படிப் போகுதாம்?"

"அவனுக்கென்ன, ராஜாவா இருக்கான்" என்றேன். ஒரு வருடமாக எல்லாருக்கும் சொல்லும் பதில்தான்.

குடை இடப்பக்கம் திரும்பியது. பாவி மகராசி!

போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். மிஸ் ஓடலி உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பேசினால்தானே தப்பு? சிறைக்கு எதிரே நின்று கைக்குட்டையைத் தலைக்கு மேல் ஆட்டினார். தெரு மொத்தமும் ஆட்டியது.

மேலே குறுகிய ஜன்னல்களின் கண்ணாடிக்குப் பின்னாலும் வெள்ளையாக என்னென்னவோ ஆடத் தொடங்கின. துண்டு, பனியன், காலுறை.

நான் குனிந்த தலை நிமிராமல் ஊதிக்கொண்டிருந்தேன். மிஸ் ஓடலி என் காதருகே வந்தார். ஊர்வலம் முழுக்க அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

"ஹூஸ்டன் எத்தனாவது மாடிடா, அல்போன்ஸ்?"

டிராம்போனை மூன்றாவது மாடிக்கு நேராக உயர்த்தி, மூச்சு உள்ளவரை ஊதினேன்.

அங்கே ஆடிக்கொண்டிருந்த ஒரு காலுறை சட்டென்று நின்றது.