பேரிங் போயிடுச்சு

"பெத்த புள்ள மாதிரி வளர்த்திருக்கேன் சார் இந்த வண்டிய. வேற ஒருத்தர் கை பட விட்டதில்ல" என்று கறுப்புக் கண்ணாடிக்காரர் அளந்துகொண்டிருந்தார். வாங்க வந்தவர், ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏறி நின்ற காரின் வயிற்றையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? சிவப்பு நிறம், மிதித்தால் பறக்கும் இன்ஜின், எல்லாம் சரி. ஆனால் மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அந்த வயதுக்கு மேல் இந்த ரக வண்டியில் ராடு பேரிங் எப்போது கழுத்தை அறுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்ஜினுக்குள் ராடும் கிராங்கும் உரசிக்கொள்ளாமல் நடுவே இருக்கும் மெல்லிய தகடுகள்தான் அவை. அவை தேய்ந்து போனால் மொத்த இன்ஜினும் காயலான் கடைக்குத்தான்.

"பேரிங் நல்லா இருக்குன்னு இந்த ஒர்க்‌ஷாப்ல சொல்லட்டும், இன்னைக்கே எடுத்துக்கறேன். இல்லேன்னா சாயங்காலம் வேற வண்டி பாக்கப் போறேன்" என்று வாங்க வந்தவர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால்தான் கண்ணாடிக்காரர் வேண்டா வெறுப்பாக இங்கே வந்து நின்றார்.

மெக்கானிக் ஒரு ஸ்பேனரையும் ஒரு நட்சத்திரத் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு அடியில் போனார். அடித்தகட்டில் மற்றதெல்லாம் போல்ட். ஓரத்தில் ஒன்று மட்டும் நட்சத்திரத் தலைத் திருகு. தகட்டை இறக்கி, ஆயிலை வடியவிட்டு, "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பில்லை.

"பேரிங் போயிடுச்சு சார்."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. "யோவ், ஒழுங்காப் பாத்துச் சொல்லுய்யா. அடியில போன வேகத்துல வந்துட்ட!"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். ஆயில்ல செம்புத்தூள் மின்னுது. மாத்தாம எடுத்தா வழியிலயே நிக்கும்."

"இதானே உங்க பொழப்பு? வர்றவன் மடியில கைய வைக்கறது! வண்டி கிண்ணுன்னு ஓடுது, ஒரு சத்தம் உண்டா?"

"சத்தம் வந்தப்புறம் மாத்தறதுக்கு இன்ஜினே இருக்காது."

மெக்கானிக்குகள் இப்படி அடித்துப் பேசினால் பாதி வண்டிக்காரர்கள் பயந்து தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஊரில் முக்கால்வாசி ஒர்க்‌ஷாப் நடக்கிறது.

கண்ணாடிக்காரர் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். உன்னைக் கவனிச்சுக்கறேன்" என்று காதைக் கடித்தார்.

"எதைக் கவனிக்கப் போறீங்க? சத்தமாச் சொல்லுங்க, அவருக்கும் கேக்கட்டும்" என்றார் மெக்கானிக், சத்தமாகவே.

வாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப நான் கிளம்பட்டுமா?"

"இருங்க சார், இருங்க! டேய், ஆயிலை ஊத்துடா. நான் வேற இடத்துல காட்டிக்கறேன்."

"ஊத்த மாட்டேன். தெரிஞ்சே ஒரு இன்ஜினைச் சாகடிக்கற பாவம் எனக்கு வேணாம்."

"என் வண்டி, என் இஷ்டம்! கேக்கறதுக்கு நீ யாருடா?"

"மரியாதையாப் பேசுங்க."

"கொள்ளைக்காரப் பயலுக்கு என்னடா மரியாதை?"

கண்ணாடிக்காரர் கையை ஓங்கியேவிட்டார். வாங்க வந்தவர் குறுக்கே புகுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சுக்காதீங்க. ஆதாரத்தக் காட்டச் சொல்லுங்க, முடிஞ்சுது."

மெக்கானிக் கொஞ்சம் தயங்கினார். பிறகு பின்பக்க அறைக்குள் போய், அறுத்துப் பிரித்த ஆயில் ஃபில்டர் ஒன்றைத் துணியில் ஏந்திவந்தார். மடிப்பு மடிப்பான தாளில் செம்புத் துகள்கள் மினுமினுத்தன.

"பாருங்க. இதோ இந்த வண்டியோடதுதான்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். தாளை விரலால் அழுத்தித் தேய்த்தார். விரலில் ஒரு கறைகூட ஒட்டவில்லை.

"இப்பத்தானே கழட்டின? சொட்டு ஆயில் இல்லாம சருகாக் காஞ்சு கெடக்கு! எவன் வண்டியிலயோ எடுத்தத வச்சு எங்கிட்டயே வித்தை காட்டறியா? சார், நீங்கதான் சாட்சி. இப்பவே போலீஸக் கூப்பிடறேன்!"

வாங்க வந்தவரும் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "என்னப்பா இது, இவ்ளோ பச்சையாப் பொய் சொல்ற?"

வாசலில் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. மெக்கானிக் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பொய்தான். உள்ள இருக்கற பேரிங் புத்தம் புதுசு. போன மழைக்கு நானே மாத்தினேன். அடித்தகட்டு ஓரத்துல அந்த நட்சத்திரத் திருகும் நான் போட்டதுதான்."

கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். "கேட்டீங்களா சார்? மாத்தியாச்சாம்! புத்தம் புதுசாம்!"

வாங்க வந்தவர் சிரிக்கவில்லை. "உங்க வண்டில பேரிங் மாத்தினது உங்களுக்கே தெரியாதா?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எரிச்சல் மறுபடியும் மெக்கானிக் மேலேயே பாய்ந்தது. "எல்லாம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் எதுக்குடா இவ்ளோ நேரம் என்னை நிக்க வச்ச?"

மெக்கானிக் வாசலைக் கைகாட்டினார்.

"வண்டிக்குச் சொந்தக்காரங்க, உங்க மாமியார், வந்து சேர வேணாமா?"